படலை பார்க்கப் புறப்படுவோருக்கு

யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வருபவர்களுக்கும், இடமாற்றம் பெற்று வேலைக்கு வருபவர்களுக்கும், நெடுங்காலத்தின் பின் உறவினரைக் காண வருபவர்களுக்கும் நல்லூரையும் கோட்டையையும் பொது நூலகத்தையும் காட்டுவதற்கு ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஒழுங்கைகள் எனப்படும் ஒடுங்கிய தெருக்களில் உள்ள வீட்டுக் கேற்றுகளையும் கராஜ் கதவுகளையும் நின்று பார்த்துச் சிரிக்கச் சொல்பவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. அவற்றைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம், நுழைவுச்சீட்டு வேண்டாம், துணைக்கு ஆளும் வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு ஒரு மணிநேரம் இருந்தால் போதும். பல வருடங்களாக இதைச் செய்துவருபவன் என்ற முறையில், புதிதாகத் தொடங்குகிறவர்கள் எப்படித் தொடங்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களை அறிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஊரவர்களிடம் பேச நேரும்போது அவை உதவும். கிடுகு, பனைமட்டை, தடி முதலியவற்றைக் கட்டி வேலியின் இடையில் நிறுத்திய பழைய தட்டிக்குப் படலை என்று பெயர்; இரும்பாலோ தகரத்தாலோ செய்ததைக் கேற் என்கிறோம். ஆயினும் இரும்புக் கேற் போட்ட பிறகும் அதைப் படலை என்றே அழைக்கிற முதியவர்கள் இருக்கிறார்கள், மாலையில் அயலவர் நின்று கதைக்கும் இடத்தைப் படலையடி என்றும் கேற்றடி என்றும் மாறிமாறிச் சொல்வார்கள். வழிப்போக்கர் ஒதுங்குவதற்காகக் கூரையும் திண்ணையும் வைத்துக் கட்டப்பட்டது சங்கடப்படலை. இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன, கண்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். (இதே எண்ணத்தின் பெரிய வடிவத்தைக் காண விரும்புகிறவர்கள் பருத்தித்துறைத் தெருமூடிமடத்துக்குப் போகலாம், அங்கே வீதிக்கு மேலேயே கூரை இருக்கிறது.) வேலியில் ஆள் நுழையுமளவுக்கு விட்ட துளை பொட்டு. கராஜ் என்றால் இங்கே வாகனம் திருத்தும் இடத்தையும் குறிக்கும், வீட்டோடு சேர்ந்த கார்க் கொட்டகையையும் குறிக்கும். இந்தக் கட்டுரையில் இரண்டாவது பொருளையே கொள்கிறேன்.

இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். ஒரு வீட்டுக்காரர் கேற்றைச் செய்விக்கும்போது ஊருக்கு ஏதோ ஒன்றைச் சொல்ல நினைக்கிறார்: உள்ளே வராதே என்றோ, நாங்களும் நன்றாக இருக்கிறோம் என்றோ, எங்களிடமும் கார் இருக்கிறது என்றோ. அதன் பின் மாரி மழையும் கடற்காற்றும் ஆடும் நாயும் பிள்ளைகளும் சேர்ந்து அந்த வசனத்தைத் திருத்தி எழுதிவிடுகின்றன. அவர் சொல்ல நினைத்தது எது, இப்போது அங்கே நிற்பது எது என்று இரண்டையும் ஒன்றாகப் பார்க்கப் பழகிவிட்டால் ஒழுங்கையில் நடப்பது அலுக்காது.

எப்போது போவது, எதில் போவது

நடந்து போங்கள், அல்லது சைக்கிளில் போங்கள்; மோட்டார் சைக்கிளில் போனால் ஒன்றும் தெரியாது. காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் பாடசாலைக்கும் வேலைக்கும் புறப்படுவோர் கேற்றைத் திறப்பதால் அது இயங்கும் விதத்தைக் காணலாம், மாலை நாலரைக்குப் பிறகு அதில் சாய்ந்து நிற்கும் மனிதர்களைக் காணலாம். நண்பகலில் போவதால் தலையிடிதான் மிஞ்சும். தொடக்கத்தில் நீங்கள் தங்கியிருக்கும் ஒழுங்கையே போதும். பிறகு, நெருக்கமான ஒழுங்கைகளுக்குத் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கமும், பழைய பெரிய வீடுகளுக்கும் தனியாகக் கட்டிய கராஜ்களுக்கும் சுண்டுக்குளி, பழைய பூங்கா வீதிப் பக்கமும் போகலாம். ஒரு நாளில் ஓர் ஒழுங்கைக்கு மேல் பார்க்க வேண்டாம் என்பது என் கண்டிப்பான அறிவுரை.

நிலத்திலிருந்து மேலே

புதியவர்கள் கேற்றின் நடுவில் உள்ள பூவேலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது தவறு, குனிந்து நிலத்தைப் பாருங்கள். சீமெந்துத் தரையிலோ மண்ணிலோ கால்வட்டமாக ஒரு கோடு கீறப்பட்டிருந்தால், அந்தக் கேற் இறங்கிவிட்டது என்று அறியலாம். ஒரு பக்கம் மாத்திரமே பிணைச்சலில் தொங்கும் நீளமான இலைக்கு, அதாவது கேற்றின் ஒற்றைக் கதவுக்கு, மறுமுனை எப்போதும் கீழே வரத்தான் பார்க்கும். அதைத் தடுப்பதற்காகப் பிணைச்சல் பக்கத்தின் அடிமூலையிலிருந்து மறுபக்கத்தின் மேல்மூலைக்கு ஒரு சாய்வுத் தண்டு வைக்க வேண்டும், அப்போது அந்தத் தண்டு பாரத்தைத் தாங்கித் தூணுக்குக் கொடுக்கும். கம்பியால் இழுத்துக் கட்டுவதானால் எதிர்த்திசையில், பிணைச்சல் பக்க மேல்மூலையிலிருந்து மறுபக்க அடிமூலைக்குக் கட்ட வேண்டும். மரப்படலையில் சாய்வுத் தண்டை அழகுக்காக மாற்றி வைத்துவிட்டவர்களும், கேற்றில் வைக்கும் சூரியக் கதிர் வேலைப்பாட்டுக்கு இடம் போதாது என்று அதைக் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள். விளைவாக வீட்டில் உள்ள அனைவரும் திறக்கும்போது கேற்றைச் சற்றே தூக்கித் திறக்கப் பழகியிருப்பார்கள். விருந்தாளிக்கு அந்தப் பழக்கம் இல்லாததால், தரை கிறீச்சிடும் ஓசையைக் கொண்டே வந்திருப்பது ஊரார் அல்லர் என்று உள்ளே அடுப்படியில் நிற்பவர் தெரிந்துகொள்வார். அழைப்புமணி பூட்டிய வீடுகளில் இந்த வசதி இல்லை.

இறங்கிய கேற்றுக்கு ஊரில் செய்யப்படும் வைத்தியங்கள் தனியே ஒரு காட்சி. அடியில் ஒரு சில்லைப் பூட்டுவது வழக்கமான முறை. அந்தச் சில்லு பிள்ளையின் பழைய மூன்றுசில்லுச் சைக்கிளிலிருந்து வந்திருந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காற்றில் அடிபடாமல் இருப்பதற்காக, கிரைண்டர் வந்த பிறகு வேலையிழந்த ஆட்டுக்கல்லோ அம்மியோ கேற்றின் கீழே வைக்கப்பட்டிருக்கும். மூன்று தலைமுறைக்குத் தோசைமா அரைத்த கல் இன்று கேற்றுக்கு முட்டுக்கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் சற்று மரியாதையும் சேர்ந்தே வருகின்றன. தானாகச் சாத்திக்கொள்ளும் கேற்றுகளையும் கவனியுங்கள்: கயிற்றின் ஒரு முனை கேற்றில், நடுவில் ஒரு கப்பி, மறுமுனையில் மண் நிரப்பிய போத்தல். தள்ளித் திறக்கும்போது போத்தல் மேலே ஏறும், கையை விட்டதும் அது இறங்கிக் கேற்றை இழுத்துச் சாத்தும். மின்சாரம் தேவையில்லாத இந்தப் பொறிக்கு ஆயுட்காலம் கயிறு உக்கும்வரை.

வீதியைத் திரும்பத் திரும்பத் தார் போட்டு உயர்த்தியதால் வீடு தாழ்ந்துபோன இடங்களில், கேற்றின் அடி ஓரிரு அங்குலம் வெட்டப்பட்டிருப்பதையும், அப்படி வெட்டியபோது கீழ்வரிசையிலிருந்த அன்னப் பறவைகள் கால்களை இழந்திருப்பதையும் காணலாம்.

தூணில் எழுதப்பட்ட வாகன வரலாறு

அடுத்ததாகத் தூணுக்கு வாருங்கள். என் கணிப்பில் ஒழுங்கையில் உள்ளவற்றுள் மிகவும் செறிவான பகுதி இதுதான். யாழ்ப்பாணத்தின் பழைய கேற்றுகள் பல, மொறிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற கார்களை மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டவை. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனரின் அகலம் ஐந்து அடியை ஓரங்குலமளவே தாண்டும். எட்டடி வாசலில் அது தாராளமாக நுழையும். ஆனால் ஒழுங்கையின் அகலமும் பத்தடிதான் என்றால் நேராக நுழைய இயலாது, திருப்பி நுழைக்க வேண்டும். இன்றைய வானுக்கோ நீளமும் கூட, அகலமும் கூட. ஆகவே அது உள்ளே போகும்போது தூணில் ஓர் அடையாளத்தை வைத்துவிட்டே போகும்.

அந்த அடையாளங்களை வாசிக்கப் பழகுங்கள். கீழே, முழங்கால் உயரத்தில் பழைய பச்சை நிறக் கீறல் இருந்தால் அது தாத்தாவின் கார். அதற்குச் சற்று மேலே உள்ள வெள்ளை, மகன் கொண்டுவந்த வான். எல்லாவற்றுக்கும் மேலே, தூணின் மூலையே உடைந்து செங்கல் தெரியும் இடம், வீடு கட்ட மணல் ஏற்றி வந்த லொறி. நாலேகால் அடி அகலமுள்ள ஓட்டோ பொதுவாக எந்தத் தூணையும் தொடுவதில்லை, தொட்டிருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும், விசாரிக்க வேண்டாம். ஒரு வீட்டில் அடிபடும் மூலையைக் காப்பதற்காகத் தூணுக்குப் பழைய ரயர் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், பிறகு அந்த ரயருக்கும் தூணோடு சேர்த்துப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அந்த வீட்டார் மீது எனக்கு உள்ள மதிப்பு அளவிட முடியாதது.

பெரிய இலை, சிறிய இலை என்று இரண்டாகச் செய்த கேற்றுகளில், பெரியது எப்போது கடைசியாகத் திறக்கப்பட்டது என்று ஊகிப்பது அடுத்த பயிற்சி. கார் விற்கப்பட்ட வீட்டில் அதன் முன்னே குரோட்டன் வளர்ந்திருக்கும், கொழுக்கியில் கறள் பிடித்து ஒரே துண்டாகியிருக்கும், குளிர்சாதனப் பெட்டி வந்தாலும் மதிலுக்கு மேலாகத் தூக்கித்தான் இறக்குவார்கள். அத்தகைய பெரிய இலை திறக்கப்படுவது கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் மாத்திரமே. நல்லூர்க் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகள் மட்டும் விதிவிலக்கு: திருவிழா நடைபெறும் 25 நாட்களும் அங்கே வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுவதால், சில வீட்டு முற்றங்கள் சைக்கிள், மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களாக மாறிவிடும், வருடம் முழுவதும் அசையாத இலைகளும் எண்ணெய் கண்டு திறக்கும். புதியவர்கள் தங்கள் முதலாவது திருவிழாவில் தேரைப் பார்த்த பிறகு ஒரு கால்மணி நேரத்தை இதற்கும் ஒதுக்க வேண்டும்.

எழுத்துகள்

எழுத்துகளுக்கு வருவோம். மிகப் பரவலானது நாய்ப் பலகை. ‘கடிநாய் கவனம்’ என்று எழுதுகிறவரின் எண்ணம் தெளிவானது, ஆனால் ‘நாய் கவனம்’ என்று சுருக்கும்போது கவனமாக இருப்பது நாயா, வருகிறவரா என்று சொல்ல முடியாமல் போகிறது. என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி உள்ள நாய், தன் பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, கேற்றுக்கு வெளியே படுத்திருக்கும். அது வந்துபோன பொட்டை மதில் கட்டி அடைத்துவிட்டதால் யாராவது கேற்றைத் திறக்கும்வரை காத்திருக்கிறது, வருகிற எல்லோருக்கும் வாலை ஆட்டுகிறது. உண்மையிலேயே மிகவும் கவனமான நாய்.

வீட்டுப் பெயர்களை இரும்புத் தகட்டில் வெட்டி ஒட்டுகிற வழக்கம் இரண்டிலைக் கேற்றுகளில் அரிய பலன்களைத் தருகிறது. பெயரின் பாதி ஓர் இலையிலும் மற்றப் பாதி மற்ற இலையிலும் வருவதால், ஒரு பக்கம் திறந்திருக்கும்போது பாதி வீடுதான் வாசிக்கக் கிடைக்கும். ‘அமைதி இல்லம்’ என்ற பெயருள்ள கேற் ஒன்றில் கடைசி ‘ம்’ ஒட்டு விட்டு விழுந்துவிட்டது. இந்தியத் தொலைக்காட்சி நாடகம் பார்த்து வளரும் பிள்ளைகள் அதைப் பிழையில்லாமல் வாசித்தார்கள், உள்ளே இருந்து வந்த சத்தமும் அவர்கள் பக்கமே சாட்சி சொன்னது. வேறொரு வீட்டில் ‘நல்வரவு’ என்ற எழுத்துகளைக் கேற்றோடு சேர்த்து உள்முகமாகப் பூட்டிவிட்டுப் போயிருந்தார் வேலை செய்தவர். வெளியே நிற்பவருக்கு அது இடம்வலம் மாறிய கோலமாகத் தெரியும். வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர் மட்டும் ஒவ்வொரு காலையும் முறையாக வரவேற்கப்படுகிறார்.

‘விளம்பரம் ஒட்டாதீர்’ என்ற அறிவித்தலின் மேல் ஒட்டப்பட்ட விளம்பரங்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை, அவை எல்லா ஊரிலும் உள்ளவை. தோரணத்தை மட்டும் தவறாக வாசித்துவிடாதீர்கள்: குருத்தோலைத் தோரணம் மங்கலத்துக்கு ஒரு மடிப்பும் அமங்கலத்துக்கு வேறொரு மடிப்பும் கொண்டது, அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளும்வரை தோரணம் கட்டிய கேற்றின் முன் சிரிக்காமல் கடந்துபோவதே பாதுகாப்பு.

பூட்டும் பொட்டும்

பூட்டுகளைப் பார்க்கும்போது, எதைத் தடுக்கப் போட்டார்கள், அது தடுபடுகிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். உள்ளங்கை அளவான ஆமைப்பூட்டும் சங்கிலியும் கேற்றில் தொங்கும், திறப்போ பூச்சாடியின் கீழே இருக்கும், அது அங்கே இருப்பது மீன்காரருக்கும் தெரியும். தகரக் கேற்றில் கையை உள்ளே விட்டுக் கொண்டியைத் திறப்பதற்கென்று ஒரு வட்டத் துளை வெட்டியிருப்பார்கள், கை கிழியாமல் இருக்கச் சைக்கிள் ரியூப்பை நறுக்கித் துளையின் விளிம்பில் மடித்துத் தைத்திருப்பார்கள்: கள்வனின் கைக்கும் நோகக்கூடாது என்ற நினைப்பு. பழைய தார்ப் பீப்பாய்களை வெட்டி விரித்துச் செய்த தகரக் கேற்றுகள் இப்போது அரிதாகி வருகின்றன. வெயில் நேரத்தில் அவற்றில் கைவைக்க முடியாது என்பதே அவற்றின் சிறந்த காவல்.

பன்னிரண்டடி இரும்புக் கேற்றும் இரண்டு சிங்கங்கள் வைத்த தூண்களும் நிற்க, அவற்றுக்கு இரு பக்கமும் கிளுவைக் கதியால் வேலி தொடர்கிற வீடுகளும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த முதற்பணம் கேற்றுக்குப் போயிருக்கும், மதிலுக்கான பணம் இன்னும் வந்துகொண்டிருக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். அந்த வேலியில் ஓணானோடு ஆடும் நின்று பொட்டின் வழியாகத் தலையை நீட்டி, சிங்கத்தின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தபடி குழை தின்றுகொண்டிருக்கும்.

கராஜ் கதவு

சுண்டுக்குளிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கராஜ் வீட்டிலிருந்து சற்று விலகி, இரண்டு மரக் கதவுகளோடு நிற்கும். அதற்குள் இன்றும் கார் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கதவில் ‘தரம் 6 முதல் 11 வரை, கணிதம், விஞ்ஞானம்’ என்ற பலகை இருந்தால் அங்கே ரியூசன் நடக்கிறது. கரும்பலகைக்கு மேலே காருக்கு எண்ணெய் மாற்றியவர் பென்சிலால் சுவரில் எழுதிவைத்த கணக்கு இன்னும் அழியாமல் இருக்கலாம். 1990களில், பெற்றோல் வராத காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்கள் இத்தகைய கதவுகளுக்குப் பின்னால்தான் நின்றன. பழைய மரத்தில் மூக்கை வைத்தால் அந்த மணம் இன்னும் வருகிறது என்று எனக்குச் சொன்னவரை நான் முழுமையாக நம்பவில்லை, ஆனாலும் மூக்கை வைத்துப் பார்த்தேன்.

கராஜ் கடையாக மாறிய இடங்களில் கதவு சட்டராகிவிடும். சட்டரின் உயரத்தை ஒரு மொழியாகவே கொள்ளலாம்: முழுவதும் மேலே என்றால் கடை திறந்திருக்கிறது, இடுப்பளவு என்றால் முதலாளி சாப்பிடுகிறார், அவசரமானால் குனிந்து கூப்பிடலாம், முழங்கால் அளவு என்றால் நித்திரை, காற்றோட்டத்துக்காக விட்டது, தொந்தரவு செய்யாதீர்கள்.

அண்மைக் காலத்தில் கட்டப்படும் சில வீடுகளில், துண்டுதுண்டாக மடிந்து மேலே ஏறிக் கூரையின் கீழ் படுத்துக்கொள்ளும் கதவுகள் வந்துவிட்டன. இந்த வகைக் கதவை 1921 இல் அமெரிக்காவில் சி. ஜி. ஜோன்சன் என்பவர் உருவாக்கினார், 1926 இல் அதைத் திறக்கும் மின்பொறியையும் அவரே கொண்டுவந்தார். பாரமான கதவை ஒரு கையால் தூக்க முடிவதற்குக் காரணம் மேலே முறுக்கி வைக்கப்பட்டிருக்கும் சுருள்வில். கதவின் பாரத்துக்கு ஈடான விசை அதில் அடைபட்டிருப்பதால், வேடிக்கை பார்க்கிறவர்கள் எக்காரணம் கொண்டும் அதில் கைவைக்கக்கூடாது. நல்ல நிலையில் உள்ள கதவைப் பாதியில் விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும், விழுந்தால் வில் தளர்ந்துவிட்டது என்று பொருள். ரிமோட்டில் திறக்கும் கதவுகளையும் கேற்றுகளையும் 2022 இல் நாட்டில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தபோது பார்த்திருக்க வேண்டும். கையால் விடுவிக்கும் திறப்பு எங்கே வைக்கப்பட்டது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லாமல், ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்து மகனிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தந்தையை நான் ஒழுங்கையில் கண்டேன். அவர் தன் வீட்டுக்குள் பின்வேலிப் பொட்டு வழியாகப் போனார்.

சிரிக்கக்கூடாத இடமும் பேசவேண்டிய முறையும்

வலிகாமம் வடக்குப் பக்கம் போகிறவர்கள் பற்றைக்குள் தனித்து நிற்கும் தூண்களைக் காண்பார்கள். மதில் இல்லை, கேற் இல்லை, சில இடங்களில் பின்னால் வீடும் இல்லை. 1990 இல் போரினால் இடம்பெயர்ந்து, பல வருடங்களின் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்கள் தங்கள் வளவை இனங்கண்டது இப்படியான தூண்களையும் கிணறுகளையும் கொண்டுதான். அங்கே குறிப்பேட்டைப் பையில் வைத்துவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் முன்னும் நீண்ட நேரம் நிற்காதீர்கள். அயலில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் எப்போதும் உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

படம் எடுப்பதானால் வீட்டாரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், வாகன இலக்கத்தையும் வீட்டு இலக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். கூப்பிடுவதற்குக் கேற்றைத் தட்டத் தேவையில்லை, கொழுக்கியை இரண்டு தரம் ஆட்டி “வீட்டுக்காரர்” என்று குரல் கொடுத்தால் போதும். கேள்வி வரும், அதற்கு உண்மையான விடையையே சொல்லுங்கள். என் அனுபவத்தில் அந்த உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஆரைத் தேடுறியள் தம்பி?”

“ஒருத்தரையும் இல்லை ஐயா, உங்கட கேற்றைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

“அதில என்ன கிடக்குப் பாக்க? கறள்தான் கிடக்கு.”

இதற்குப் பிறகு ஒரு நிமிடம் பேசாமல் நின்றால், எந்தப் பட்டறையில் எவ்வளவுக்குச் செய்தது, சூரியனுக்கு ஏழு கதிர் சொல்ல ஐந்து வைத்தது, மருமகன் வானை எந்தப் பக்கத்தால் இடித்தது என்று எல்லாம் தானாக வரும், தேநீரும் வரும். தேநீரை மறுக்காதீர்கள். வெளியே வரும்போது கேற்றைச் சாத்திவிட்டு வருவது உங்கள் கடமை, ஏனெனில் ஆடு காத்துக்கொண்டிருக்கும். முதல் முயற்சியில் அது சாத்துப்படாது. எங்கே பிடித்துத் தூக்க வேண்டும், எந்த மூலையில் காலால் ஒன்று வைக்க வேண்டும் என்று ஐயா திண்ணையிலிருந்தே சொல்லித்தருவார். சொன்னபடி செய்யுங்கள், பலமாக.